நிலைக்கண்ணாடியில் நின்ற முகம்

மஞ்சள் என்ற சொல்லைப் புத்தகத்தோடு சேர்த்துச் சொன்னால் தமிழ் வாசகருக்குத் தோன்றும் பொருள் ஒன்று. இத்தாலிய வாசகருக்குத் தோன்றுவது வேறொன்று. நம்மிடையே மஞ்சள் பத்திரிகை என்றால் அவதூறும் ஆபாசமும். இத்தாலியிலோ 'ஜாலோ', அதாவது மஞ்சள், என்றால் துப்பறியும் கதை. மிலான் நகரத்து மொந்தாதோரி பதிப்பகம் 1929ஆம் ஆண்டில் துப்பறியும் நாவல்களுக்கென ஒரு வரிசையைத் தொடங்கி அந்நூல்களுக்கு மஞ்சள் அட்டை போட்டது. அமெரிக்கரான எஸ். எஸ். வான் டைன் எழுதிய நாவலொன்றின் மொழிபெயர்ப்பே அவ்வரிசையின் முதல் நூல். அட்டையின் நிறம் நாளடைவில் உள்ளிருக்கும் கதைக்கே பெயராகிவிட்டது. நம் இலக்கணத்தார் கண்டிருந்தால் பண்பாகுபெயர் என்று ஒரு வரியில் முடித்திருப்பர்.

அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1929 என்பது முசோலினியின் ஆட்சி வேரூன்றிவிட்ட ஆண்டு. பாசிச அரசுக்குத் துப்பறியும் கதை உறுத்தலாகவே இருந்தது. ஒழுங்கும் கட்டுப்பாடும் நிலவும் நாடு என்று அரசு பறைசாற்றிக்கொண்டிருக்கையில் அதன் நகரங்களில் கொலை நடப்பதாக எழுதலாமா? நாளிதழ்களில் குற்றச் செய்திகளையே அடக்கி வாசிக்கச் சொன்ன ஆட்சி அது. முப்பதுகளின் பிற்பகுதியில், கதையில் வரும் கொலைகாரன் இத்தாலியனாக இருத்தல் ஆகாது, அவன் தண்டனைக்குத் தப்புதலும் ஆகாது என்று மக்கள் பண்பாட்டு அமைச்சகம் பதிப்பாளர்களுக்கு விதி வகுத்தது. 1941இல் அந்த மஞ்சள் வரிசையே நிறுத்தப்பட்டது.

இவ்விடத்தில் அவுகுஸ்தோ தெ ஆஞ்சலிஸ் என்ற எழுத்தாளரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. துப்பறியும் நாவல் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே உரியது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், மிலான் நகரத்துத் தெருக்களில் தெ வின்சென்ஸி என்னும் காவல் அதிகாரியை உலவவிட்டவர் அவர். கவிதையும் உளவியலும் படிக்கும் அதிகாரி; குற்றத்தைவிடக் குற்றவாளியின் மனத்தை ஆராய்பவர். பத்திரிகையாளரான தெ ஆஞ்சலிஸ் 1943இல் பாசிச எதிர்ப்பாளர் என்று கைது செய்யப்பட்டார். விடுதலையாகிச் சில மாதங்களே கடந்த நிலையில், கோமோ ஏரிக்கரையில் பாசிசக்காரன் ஒருவன் அவரைத் தாக்கினான். அதில் பட்ட காயங்களால் 1944 ஜூலையில் இறந்துபோனார். கொலைகாரன் இத்தாலியனாக இருக்கலாகாது என்ற விதியை அரசு எழுதிவைத்திருந்தது. துப்பறியும் கதைகளை எழுதியவரைக் கொன்றவன் இத்தாலியன்தான்.

போருக்குப் பின் மஞ்சள் நூல்கள் மீண்டும் கடைகளுக்கு வந்தன. இலக்கியக்காரர்களும் அவ்வடிவத்தைக் கையிலெடுத்தனர். கார்லோ எமிலியோ காத்தா 1957இல் நூலாக வெளியிட்ட நாவல் 1927ஆம் ஆண்டு ரோம் நகரில் நடக்கும் ஒரு கொலையைப் பற்றியது. கொலையாளி இன்னார் என்று உறுதியாகச் சொல்லாமலேயே அது நின்றுவிடுகிறது. 1959இல் பியெத்ரோ ஜெர்மி அதைத் திரைப்படமாக்கியபோது, திரையரங்குக்கு வந்தவர் ஏமாறலாகாது என்று ஒரு முடிவைக் கட்டிக்கொடுத்தார். பிறகு மாரியோ பாவா வந்தார். 1963, 1964ஆம் ஆண்டுகளில் அவர் எடுத்த இரு படங்களில், இன்று ஜாலோ படம் என்றதும் நினைவுக்கு வரும் அடையாளங்கள் எல்லாம் வந்துவிட்டன: நேரில் கண்ட சாட்சியாக மாட்டிக்கொள்ளும் அயல்நாட்டார், கருப்புக் கையுறை, முகம் தெரியாத மேலங்கி உருவம், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். 1970க்குப் பின் இவ்வகைப் படங்கள் ஆண்டுக்குப் பத்து இருபது என்று பெருகின. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பாராமல் விட்டால் இழப்பொன்றும் இல்லை என்பது நம் கருத்து. பார்த்தே ஆகவேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், 1975 மார்ச்சில் வெளியான 'ப்ரொஃபோந்தோ ரொஸ்ஸோ'வைச் சொல்வோம். ஆழ்ந்த சிவப்பு என்பது அப்பெயரின் பொருள்.

அதன் இயக்குநர் தாரியோ அர்ஜென்டோ 1940இல் ரோமில் பிறந்தவர். தந்தை திரைப்படத் தயாரிப்பாளர். தாய் ஒளிப்படக் கலைஞர். நாளிதழில் திரை விமரிசகராகத் தொடங்கி, செர்ஜியோ லியோனே 1968இல் எடுத்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்துக்கு பெர்னார்தோ பெர்தொலூச்சியுடன் சேர்ந்து கதை அமைத்தவர். 1970, 1971ஆம் ஆண்டுகளில் மூன்று ஜாலோ படங்கள் எடுத்துப் பெயர் பெற்றார். பிறகு அவ்வகை சலித்துப்போய், 1848ஆம் ஆண்டு மிலான் மக்கள் எழுச்சியை வைத்து ஒரு வரலாற்று நகைச்சுவைப் படம் எடுத்தார். அது ஓடவில்லை. தோற்றவர் பழைய இடத்துக்கே திரும்பினார்; திரும்பும்போது பெர்னார்தினோ ஸப்போனியை உடன் அழைத்துக்கொண்டார். ஃபெல்லினிக்குத் திரைக்கதை எழுதிய ஸப்போனி, பேய்க்கதைகளில் தோய்ந்த எழுத்தாளர். படத்தில் வரும் பாழ்வீட்டுக்கு அவரது கைவண்ணமே காரணம் என்று எண்ண இடமுண்டு.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை இடைநிறுத்தி ஒரு காட்சி வருகிறது: கிறிஸ்துமஸ் மரம் வைத்த ஓர் அறை, இசைத்தட்டில் ஒரு குழந்தைப் பாட்டு, சுவரில் இரு நிழல்கள், ஓர் அலறல். குருதி தோய்ந்த கத்தி தரையில் வந்து விழுகிறது. வெள்ளைக் காலுறை அணிந்த ஒரு குழந்தையின் கால்கள் அதன் அருகே வந்து நிற்கின்றன. அவ்வளவே, மீண்டும் பெயர்கள் ஓடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து, பிறர் மனத்தை உணரவல்ல ஹெல்கா உல்மான் என்ற பெண்மணி ஓர் அரங்கில் உரையாற்றும்போது, கூட்டத்தில் கொலை செய்த ஒருவர் அமர்ந்திருப்பதை உணர்ந்து நடுங்குகிறார். அன்றிரவே அவர் தம் குடியிருப்பில் வெட்டிக் கொல்லப்படுகிறார். கீழே சதுக்கத்தில் நின்று, குடித்துத் தள்ளாடும் நண்பன் கார்லோவுடன் பேசிக்கொண்டிருந்த மார்க்கஸ் டேலி என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞன் அதைக் காண்கிறான். மேலே ஓடுகிறான். ஓவியங்கள் நிறைந்த நடைவழியொன்றைக் கடந்து உடலை அடைகிறான். காவலர் வந்த பிறகு அவன் மனத்தில் ஒரு முள்: அந்த நடைவழியில் தான் பார்த்த ஓவியமொன்று இப்போது அங்கே இல்லை. எது அது? எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. கியான்னா என்னும் பத்திரிகையாளர் அவனை நேரில் கண்ட சாட்சி என்று படத்தோடு செய்தி போட்டுவிட, கொலையாளியின் பார்வை அவன்மீது திரும்புகிறது.

மறைபொருளைத் திறவாமல் இப்படத்தைப் பற்றிப் பேச இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வந்து படிப்பது நலம்.

காணாமற்போன ஓவியம் என்று ஒன்று இல்லவே இல்லை. மார்க்கஸ் பார்த்தது நிலைக்கண்ணாடி. அதில் தெரிந்தது கொலையாளியின் முகம். கொன்றுவிட்டு வெளியேற வழியின்றிச் சுவரோடு ஒட்டி நின்ற உருவத்தின் முகம், எதிரிலிருந்த ஓவியத்து முகங்களோடு கலந்து கண்ணாடியில் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தவன் அதையும் ஓவியம் என்று எண்ணிக் கடந்துவிட்டான். இதில் வியப்பு என்னவென்றால், இயக்குநர் இதைப் பின்னால் சேர்த்த காட்சியாகக் காட்டி ஏமாற்றவில்லை. முதன்முறை மார்க்கஸ் ஓடும்போதே அந்த முகம் திரையில் இருக்கிறது. அவனோடு நாமும் அதைப் பார்க்கிறோம். கொலையாளி யார் என்பது படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே, ஒளிவுமறைவின்றி, நம் கண்முன் வைக்கப்பட்டுவிடுகிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பது நம் ஊர் வழக்கு. இப்படம் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. கண்ணால் கண்டது இங்கே மெய். கண்டதற்கு இட்ட பெயர்தான் பொய். முகத்துக்கு ஓவியம் என்று பெயரிட்ட கணத்தில் மார்க்கஸ் தவறிவிட்டான். அதற்கப்பால் எவ்வளவு தேடினாலும் அவன் தேடுவது இல்லாத ஓவியத்தைத்தான். வகுப்பறையில் நாம் பல ஆண்டுகளாகக் காண்பது இதுவே. ஒரு பாட்டுக்கு உரையாசிரியர் தந்த துறைப்பெயரை முதலில் படித்துவிட்ட மாணவர், பிறகு பாட்டினுள் கண்ணெதிரே கிடக்கும் சொல்லைக் காண்பதில்லை. மாணவரை மட்டும் சொல்வானேன், நாமும் அப்படித்தான்.

மார்க்கஸாக நடித்தவர் டேவிட் ஹெம்மிங்ஸ். மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் 'ப்ளோ-அப்' 1966இல் வெளிவந்தபோது, தான் எடுத்த ஒளிப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அதில் ஒரு கொலையைக் காணும் கலைஞனாக நடித்தவரும் அவரே. அந்தோனியோனியின் படத்தில் உடல் மறைகிறது, படங்கள் களவு போகின்றன, கண்டது உண்மைதானா என்ற ஐயத்தோடு கதை கலைகிறது. அதே நடிகரை அழைத்துவந்த அர்ஜென்டோ, அந்தக் கேள்விக்குத் தம்முடைய மறுமொழியைச் சொல்கிறார்: உண்மை இருந்தது, இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது நல்ல விவாதப் பொருள். கலைப்படம் கைவிட்ட புதிரை வணிகப்படம் தீர்த்துவைத்தது என்று கேலியாகவும் சொல்லலாம்.

கொலையாளி கார்லோவின் தாய் மார்த்தா, பழைய திரைப்பட நடிகை. மார்க்கஸ் கார்லோவைத் தேடி அவள் வீட்டுக்குப் போகும் காட்சி படத்தின் நடுவே நகைச்சுவைபோல் வருகிறது. தான் பியானோ வாசிப்பவன் என்று அவன் எத்தனை முறை சொன்னாலும் அவள் பொறியாளர் என்றே புரிந்துகொள்கிறாள். பின்னால் சுவர் நிறைய அவளுடைய இளமைக்காலப் படங்கள். அவை அரங்க அலங்காரத்துக்காக எடுக்கப்பட்டவை அல்ல. நடித்த கிளாரா காலமாயின் உண்மையான படங்கள். முசோலினி காலத்து இத்தாலியத் திரையுலகில் பெரும் நட்சத்திரமாக விளங்கியவர் காலமாய். 1943இல் லூக்கினோ விஸ்கோந்தி தம் முதல் படமான 'ஒஸ்ஸெஸ்ஸியோனே'வை எடுத்தபோது, காதலனோடு சேர்ந்து கணவனைக் கொல்லும் பெண்ணாக நடித்தார். பாசிச இத்தாலி இனிய குடும்பங்களையே திரையில் காண விரும்பிய நாளில், வறுமையும் காமமும் கொலையும் கொண்ட அப்படம் ஆட்சியாளரைச் சினங்கொள்ள வைத்தது. நவயதார்த்தவாதத்தின் முன்னோடி என்று இன்று பாடநூல்கள் போற்றும் படம் அது.

1975இல் திரையரங்கில் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த இத்தாலியர் ஒவ்வொருவருக்கும் அம்முகம் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்த முகம் என்பதாலேயே அதை நினைவுச்சின்னம்போல் பார்த்துப் புன்னகைத்துக் கடந்திருப்பர். சுவரில் மாட்டிய பழைய படம். யாருக்கும் தீங்கு செய்யாதது. மார்க்கஸ் நடைவழியில் செய்த பிழையை, அந்த வீட்டு வரவேற்பறையில் பார்வையாளர் அனைவரும் மீண்டும் ஒருமுறை செய்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் திரையில் கணவனைக் கொன்ற நடிகை, இங்கே கிறிஸ்துமஸ் மரத்தருகே கணவனைக் கொன்றவளாக இருக்கிறாள். நடிகர் தேர்விலேயே விடை இருந்தது.

இனி அந்தச் சதுக்கத்துக்கு வருவோம். படம் நிகழும் ஊரின் பெயரை அர்ஜென்டோ வலியுறுத்துவதில்லை. ரோமிலும் வேறிடங்களிலும் எடுத்த காட்சிகளைக் கலந்து, பெயரில்லாத ஒரு நகரைக் கட்டியிருக்கிறார். ஆயினும் ஹெல்காவின் குடியிருப்பு எதிர்நோக்கும் சதுக்கம் தூரின் நகரத்தது. வியா ரோமா என்னும் பெருந்தெருவை 1930களில் பாசிச அரசு இடித்துக் கட்டியபோது, கட்டடக் கலைஞர் மார்செல்லோ பியாச்செந்தீனியின் மேற்பார்வையில் உருவானது. இரு தேவாலயங்களின் முதுகுப்புறத்தில், போ, தோரா என்ற இரு ஆறுகளும் ஆணும் பெண்ணுமாகச் சாய்ந்து கிடக்கும் இரு நீரூற்றுகள். அவை 1937இல் அமைக்கப்பட்டவை. இரவில், ஆளரவமற்ற அந்த வெண்கல் வெளியில், ஆற்று உருவத்தின் அடியில் அமர்ந்து கார்லோ குடிக்கிறான். அருகே அர்ஜென்டோ ஒரு மதுக்கடையைக் கட்டிவைத்தார். எட்வர்ட் ஹாப்பர் 1942இல் வரைந்த இரவு உணவகத்தின் நகல் அது. உள்ளிருப்பவர்கள் ஓவியத்தில் இருப்பதுபோல் ஏறத்தாழ அசையாதிருக்கிறார்கள். ஓவியத்துக்குள் ஆட்களையும் ஆட்களுக்குள் ஓவியத்தையும் வைக்கும் இந்த விளையாட்டு, நடைவழிப் பிழைக்கு நம் கண்களைப் பழக்குகிறது.

அச்சதுக்கத்தின் இன்றைய பெயர் சி.எல்.என். சதுக்கம். நாட்டு விடுதலைக் குழு என்பதன் சுருக்கம். நாஜிகளையும் பாசிசத்தையும் எதிர்த்துப் போராடிய கட்சிகளின் கூட்டமைப்பு அது. சதுக்கத்துக்கு அப்பெயர் வந்ததற்குக் காரணம், அங்கிருந்த ஆல்பெர்கோ நாஸியோனாலே என்ற விடுதி. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை வட இத்தாலியைக் கைப்பற்றியபின், தூரினில் எஸ்.எஸ். படையும் கெஸ்டபோவும் தங்கள் தலைமையகத்தை அங்கேதான் வைத்தன. பிடிபட்ட எதிர்ப்புப் போராளிகளும் யூதர்களும் அங்கே அடைத்து வதைக்கப்பட்டனர். படத்தில் கொல்லப்படும் ஹெல்கா யூதப் பெண். அவரது வீட்டில் தாவீதின் விண்மீன் இருக்கிறது. அடக்கம் யூத முறைப்படி நடக்கிறது. அந்தச் சதுக்கத்தை நோக்கிய சன்னலில் ஒரு யூதப் பெண்ணின் கழுத்து, உடைந்த கண்ணாடியில் அறுபடுகிறது. கீழே நிற்பவர்கள் அலறலைக் கேட்கிறார்கள். கேட்டு, ஒருவன் கோப்பையை உயர்த்துகிறான்.

இயக்குநர் இவ்வளவையும் எண்ணிக் கணக்கிட்டுத்தான் அவ்விடத்தைத் தேர்ந்தார் என்று நாம் சாதிக்க வரவில்லை. நிழலும் தூணும் நீண்ட வெளியும் அவருக்குப் பிடித்திருக்கலாம். அதுவே போதிய காரணம். ஆனால் ஓர் இடம் தன் வரலாற்றைக் கேட்பாரில்லாமலேயே சொல்லிக்கொண்டிருக்கும். படமெடுக்கும் கருவி அதைப் பதிவுசெய்துவிடும். பார்ப்பவர் அழகிய பின்னணி என்று பெயரிட்டுக் கடந்துவிடுவர்.

பாழ்வீடும் அவ்வாறே. தூரின் மலைச்சரிவில் பியெத்ரோ ஃபெனோலியோ 1902இல் கட்டிய வில்லா ஸ்காட், பூங்கொடிகளைப்போல் வளையும் சாளரங்கள் கொண்ட எழில்மிகு மாளிகை. படமெடுத்த நாளில் கன்னியர் நடத்திய பெண்கள் விடுதியாக இருந்ததென்றும், படப்பிடிப்பு முடியும்வரை அவர்களைத் தயாரிப்பாளர் செலவில் ரிமினி கடற்கரைக்கு விடுமுறை அனுப்பிவைத்தனர் என்றும் சொல்வார்கள். படத்தில் அவ்வீடு பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. மார்க்கஸ் உள்ளே போய்ச் சுவரைச் சுரண்டுகிறான். காரைக்கு அடியில் ஒரு குழந்தை வரைந்த சித்திரம்: கிறிஸ்துமஸ் மரம், குருதி வடியும் ஆண், கையில் கத்தியோடு ஒரு குழந்தை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற நிறைவோடு அவன் வெளியேறிய பின், ஆளில்லாத அறையில் இன்னொரு சிறு பகுதி காரை தானாக உதிர்கிறது. சித்திரத்தில் மூன்றாவதாக ஓர் உருவம் இருந்திருக்கிறது. அதை நாம் மட்டுமே காண்கிறோம்.

படத்தில் நாம் மிகவும் மதிக்கும் காட்சி இதுதான், கொலைக்காட்சிகள் எதுவும் அல்ல. பாதி சுரண்டிய சுவர் பொய் சொல்லவில்லை. கத்தி உண்மையில் குழந்தையின் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாதியை முழுமை என்று கொண்டால், குற்றவாளி குழந்தை என்றாகிவிடும். படம் அப்படியே ஆகிறது. எல்லாத் தடயங்களும் கார்லோவைச் சுட்டுகின்றன. அவன் குப்பை வண்டியில் சிக்கி இழுபட்டுச் சாகிறான். தாயின் குற்றத்தைக் கண்ட மகன், அதைச் சொல்லவும் இயலாமல் மறக்கவும் இயலாமல் குடித்துக் குடித்து வாழ்ந்து, கடைசியில் அவள் பெயரிலுள்ள கொலைகளைத் தன் பெயரில் சுமந்து மடிகிறான். தந்தையின் எலும்புக்கூடு அந்த வீட்டிலேயே, சுவர் வைத்து மூடிய அறையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சன்னல் குறைவதே அதற்கான தடயம்.

கார்லோவின் வயதொத்த இத்தாலியர், போரிலும் போர் முடிந்த உடனடிக் காலத்திலும் குழந்தைகளாக இருந்தவர்கள். பெற்றோர் தலைமுறை என்ன செய்தது என்பதைக் குழந்தைக் கண்ணால் கண்டவர்கள். 1946 ஜூனில் நீதியமைச்சர் பல்மீரோ தோல்யாத்தியின் பெயரால் வழங்கப்படும் பொதுமன்னிப்பு வந்தது. பொதுவுடைமைக் கட்சித் தலைவரான அவரே கொணர்ந்த அந்த மன்னிப்பால் பாசிசக் குற்றவாளிகள் பலர் சிறையிலிருந்து வெளியேறினர். நாடு இரண்டாகப் பிளவுறாதிருக்க அது தேவைப்பட்டது என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் வலுவும் உண்டு. ஆயினும் சுவருக்குக் காரை பூசியாயிற்று.

காரை உதிரத் தொடங்கிய காலத்தில் வந்த படம் இது. 1969 டிசம்பர் 12 அன்று மிலானின் ஃபொந்தானா சதுக்கத்திலிருந்த வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தனர். அரசின்மைவாதிகளே காரணம் என்று காவல்துறை உடனே பெயர் சூட்டியது. பிடித்துச் செல்லப்பட்ட ஜுசெப்பே பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி, மூன்று நாள் கழித்துக் காவல் தலைமையகத்தின் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து இறந்தார். நவபாசிசக் குழுவினரே அக்குண்டை வைத்தவர்கள் என்பது பல விசாரணைகளுக்குப் பின், தண்டிக்கச் சட்டம் இடந்தராத காலத்தில், நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. 1974 மே மாதம் பிரேஷா நகரச் சதுக்கத்தில் பாசிச எதிர்ப்புக் கூட்டமொன்றில் குண்டு வெடித்து 8 பேர். ஆகஸ்டில் இத்தாலிக்குஸ் ரயிலில் 12 பேர். பிரேஷா வழக்கில் இருவருக்கு விதித்த ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2017இல்தான். இவற்றுக்கு நடுவேதான் அர்ஜென்டோவின் படம் திரைக்கு வந்தது. அதில் குண்டு இல்லை, கட்சி இல்லை, அரசியல் பேச்சே இல்லை. தவறான ஆள்மீது பெயரை ஒட்டிவிட்டு வழக்கை முடிக்கும் அவசரம் மட்டும் இருக்கிறது. திரையரங்கில் இருந்தவர்களுக்கு அது எங்கோ உறைத்திருக்கவேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுவோம். கொலைகள் நீளம், தேவைக்கு மேல் நீளம். எவருக்கும் துப்பாக்கிக் குண்டு பட்ட அனுபவம் இராது, ஆனால் கொதிநீர் பட்டதும் மேசை முனையில் இடித்துக்கொண்டதும் எல்லார்க்கும் தெரியும் என்பது இவர்களது கணக்கு. ஆகவே ஒருவர் குளியலறை வெந்நீரில் சாகிறார். ஒருவரது பல் மேசை விளிம்பில் மோதுகிறது. கணக்கு சரிதான், பார்க்கும் நமக்குத்தான் தாங்கவில்லை. மனநோயாளியே கொலையாளி என்ற பழைய சரக்கையும் இப்படம் விடவில்லை. கணவன் தன்னை மனநல விடுதியில் அடைக்க முற்பட்டான் என்பதே மார்த்தாவின் முதற்கொலைக்குக் காரணம். அன்றைய இத்தாலியில் அத்தகைய விடுதிகளின் கொடுமையை எதிர்த்து மருத்துவர் ஃபிராங்கோ பஸாலியா போராடிக்கொண்டிருந்தார். 1978இல் வந்த சட்டம் அவற்றை மூட வழிசெய்தது. அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தால் மார்த்தா இன்னும் ஆழமான பாத்திரமாகியிருப்பாள். படம் திரும்பவில்லை.

இசையைப் பற்றி ஒரு சொல். ஜாஸ் கலைஞர் ஜோர்ஜோ காஸ்லீனி முதலில் இசையமைத்தார். இயக்குநருக்கு நிறைவில்லை. கிளாவ்தியோ சிமொனெத்தி முதலிய இளைஞர்களின் காப்ளின் குழுவை அழைத்தார். அவர்கள் தந்த ராக் இசை இத்தாலியில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. காஸ்லீனியின் குழந்தைப் பாட்டு மட்டும் படத்தில் அப்படியே நின்றது. கொலை நிகழுமுன் அது ஒலிக்கும்போது, கொலையாளி அதை ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. மார்த்தாவுக்கு அது முதற்கொலை நாளின் பாட்டு. நினைவூட்டிக்கொண்டாலன்றி அவளாலும் செய்ய முடியவில்லை போலும்.

இத்தாலியில் ஓடிய படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். வெட்டுப்பட்டவற்றில் பெரும்பகுதி மார்க்கஸும் கியான்னாவும் வரும் வேடிக்கைக் காட்சிகள்: தாரியா நிகோலோதி நடித்த கியான்னா அவனைக் கைம்மல்லுக்கு அழைத்து வெல்வதும், அவளது ஓட்டைச் சிற்றுந்தில் இருக்கை அமிழ்ந்து அவன் தலை மட்டும் தெரிவதும். கொலைக்கதைக்கு இவை எதற்கென்று வெட்டியவர் நினைத்திருக்கலாம். பெண்ணுக்கு அறிவு குறைவென்று பேசும் மார்க்கஸ் எந்த அளவுக்குப் பாராதவன் என்பதற்கு அவையே சான்று. வாசகர்கள் நீண்ட இத்தாலிய வடிவத்தையே தேடிப் பார்க்கவேண்டும்.

நாம் முதன்முதலில் இப்படத்தைக் கண்டது நண்பரொருவர் கொணர்ந்த குறுந்தகட்டில். மழைக்கால இரவு, நால்வர் இருந்தோம். இறுதியில் மார்த்தாவின் கழுத்துச் சங்கிலி மின்தூக்கியில் சிக்கி அவள் கதை முடிந்து, தரையில் தேங்கிய குருதியில் மார்க்கஸின் முகம் தெரிய, அதன்மேல் எழுத்துகள் ஓடத் தொடங்கின. நால்வரும் ஒரே சமயத்தில் தொலையியக்கியைத் தேடினோம். படத்தைப் பின்னுக்கு ஓட்டி, நடைவழிக் காட்சியில் நிறுத்தினோம். ஓடும் மார்க்கஸின் பக்கவாட்டில், ஓவியங்களுக்கு நடுவே, அவள் இருந்தாள். அப்போது நண்பர் ஒருவர், தாம் முதலிலேயே அதைக் கண்டதாகவும், ஓவியம் என்று எண்ணிவிட்டதாகவும் சொன்னார். மற்ற மூவரும் அதையே சொன்னோம்.